ஒற்றைச் சட்டைக்கு இத்தனை உபசாரம்!

தலைக்கு மேலே சட்டைகள் ஊர்வலம் போகின்றன. மெய்யாகத்தான் சொல்கிறேன்! அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்தை ஒட்டிய லங்காஸ்டரில், திரெட்அப் நிறுவனத்தின் கிடங்கு இருக்கிறது. பரப்பளவு சுமார் 6 லட்சம் சதுர அடி. நிரம்ப நிரம்ப வைத்தால் 1 கோடி உடுப்புகள் வரை கொள்ளும் என்கிறது நிறுவனம். துணிகள் ஹேங்கரில் தொங்க, ஹேங்கர்கள் அடுக்கடுக்கான கம்பித் தடங்களில் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. பூப்போட்ட கவுன், அதன் பின்னால் கம்பளிக் கோட்டு, அதன் பின்னால் யாரோ ஒரு குழந்தை வளர்ந்து கழித்த மழைச்சட்டை. எல்லாமே பழசு. எல்லாமே விற்பனைக்கு.

இதில் என்னைக் கிறுகிறுக்க வைப்பது அந்த 1 கோடி என்ற எண் கூட இல்லை. அத்தனையிலும் ஒவ்வொன்றும் தனி உருப்படி என்பதுதான்! புதுத்துணிக் கடைக்காரருக்கு ஒரு சட்டையைப் படம் பிடித்தால் போதும், அதே சட்டையை ஆயிரம் பேருக்கு விற்கலாம். பழைய துணியில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு நீலச் சட்டை வந்தால் அது ஒன்றே ஒன்று. அதற்கென்று தனியாகப் படம் எடுக்க வேண்டும், தனியாக அளவெடுக்க வேண்டும், தனியாக விலை யோசிக்க வேண்டும், 1 கோடி உருப்படிகளுக்கு நடுவே தனியாக ஓர் இடம் கொடுக்க வேண்டும். அது விற்றுப்போன அடுத்த நொடி அத்தனை வேலையும் முடிந்துபோன கதை. அடுத்த சட்டைக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு 1 லட்சம் உருப்படிகள் வரை இப்படிக் கவனிக்க முடியும் என்று திரெட்அப் சொல்லும்போது எனக்கு அந்த வேலையாட்களை நினைத்து மலைப்பாக இருக்கிறது.

வியாபார முறை நமக்குப் புதிதில்லை. கோயம்பேட்டுக் கமிஷன் மண்டிக்கு விவசாயி தக்காளிப் பெட்டியை ஏற்றி அனுப்புகிறார். மண்டிக்காரர் காசு போட்டு வாங்குவதில்லை, விற்றுக் கொடுத்துத் தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். இங்கே தக்காளிக்குப் பதில் பட்டு பிளவுஸ், அவ்வளவுதான். துணிக்குச் சொந்தக்காரர் அனுப்புபவரே. விற்றால்தான் அவர் கைக்குப் பணம். அமெரிக்க நகரங்களில் இப்படிப்பட்ட கன்சைன்மென்ட் கடைகள் வெகு காலமாக உண்டு. இணையம் வந்து அந்தக் கடையின் சுவர்களை இடித்துவிட்டது.

இடித்தவர்களின் கதையும் சுவையானது. ஜேம்ஸ் ரெய்ன்ஹார்ட் ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தபோது அலமாரி நிறைய உடுத்தாத சட்டைகள். அருகிலிருந்த கன்சைன்மென்ட் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "இந்த பிராண்டெல்லாம் நாங்கள் எடுப்பதில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மறுப்பிலிருந்துதான் 2009-ல் திரெட்அப் பிறந்தது. முதலில் ஆண்கள் தங்களுக்குள் சட்டை மாற்றிக்கொள்ளும் தளம், பிறகு குழந்தைத் துணிகளைப் பண்டமாற்று செய்யும் தளம், அதற்கும் பிறகுதான் "பை அனுப்புகிறோம், நிரப்பித் திருப்பி அனுப்புங்கள்" என்ற இன்றைய யோசனை. தி ரியல்ரியல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜூலி வெய்ன்ரைட், செல்லப்பிராணிப் பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 2000-ல் அது மூடப்பட்டபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. 11 ஆண்டு கழித்து, 2011-ல், தன் வீட்டிலிருந்தே ஆடம்பரப் பழைய பொருள்களை விற்கத் தொடங்கினார். 2019-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது! எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இந்த இரண்டாம் இன்னிங்ஸ் ஒன்றே போதும்.

சரி, பை வந்து சேர்ந்துவிட்டது. பிரிக்கலாமா?

கிழிந்ததா, கிழியாததா என்று ஒரு பார்வை பார்த்து ஓரமாக எறிகிற வேலை இது என்று நினைத்துவிடாதீர்கள். பழகிய பரிசோதகரின் கை நேரே போவது அக்குளுக்கு. வியர்வை பட்டுப் பட்டு நிறம் மாறியிருக்கிறதா? அடுத்து காலரின் உள்மடிப்பு, கழுத்து உராய்ந்த இடத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று. கையின் முனை. இடுப்பின் பக்கவாட்டில், தோள்பை தினமும் உரசுகிற அந்த ஒரே பக்கத்தில் மட்டும், நூல் சுருண்டு பொடி உருண்டைகளாகக் கட்டியிருக்கும். அங்கே விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். கம்பளியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார்கள், பூச்சி அரித்த ஊசிமுனை ஓட்டை அப்போதுதான் கண்ணில் படும். கறுப்புப் பேன்ட்டைத் திருப்பித் தையலுக்குள்ளே இருக்கும் கறுப்போடு வெளிக்கறுப்பை ஒப்பிட்டால் எத்தனை சலவை கண்டது என்று துணியே சொல்லிவிடும். பட்டன் எண்ணிக்கை, காஜா பிரிந்திருக்கிறதா, ஜிப் இரண்டு முறை ஏறி இறங்குகிறதா, கால் நீளத்தை யாராவது வெட்டித் தைத்திருக்கிறார்களா. கடைசியாக மூக்கு! அந்துருண்டை வாசம், சிகரெட் வாசம், கனத்த சென்ட் வாசம் மூன்றும் உருப்படியைக் கவிழ்த்துவிடும். படத்தில் வாசனை தெரியாது, வாங்குபவர் பெட்டியைப் பிரித்ததும் தெரிந்துவிடும் அல்லவா?

தேறினால் உபசாரம் ஆரம்பம். பிராண்ட், வகை, அளவு, நிறம், துணி என்று ஒவ்வொன்றும் பதிவாகும். பார்கோடு ஏறும். சட்டையைத் தட்டையாகப் பரப்பி அக்குளுக்கு அக்குள் எத்தனை அங்குலம், தோளிலிருந்து ஓரம் வரை எத்தனை அங்குலம் என்று அளவெடுப்பார்கள். இது ஏன் இத்தனை முக்கியம் என்றால், அமெரிக்கப் பெண்கள் உடைகளின் அளவு எண்களை நம்பவே முடியாது. அரை நூற்றாண்டாக எண்ணைக் குறைத்துக் குறைத்துத் துணியைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 1950-களின் 12 ஒரு உடம்புக்கு, இன்றைய 12 வேறொரு உடம்புக்கு. அங்குலம் மட்டும்தான் பொய் சொல்வதில்லை. பிறகு படம். பிறகு விலை, இதே பிராண்டின் இதே வகை உருப்படிகள் முன்பு எத்தனைக்குப் போயின என்று கணினி கணக்குப் பார்த்துச் சொல்கிறது. பிறகு ஹேங்கர், கம்பித்தடம், காத்திருப்பு.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அனுப்புபவர்களின் நியாயமான ஆதங்கத்துக்கு விடை கிடைக்கிறது. "என் சட்டை விற்றதில் எனக்கு ஏன் இவ்வளவு கொஞ்சம்?" 8 டாலர் சட்டைக்கும் 800 டாலர் கோட்டுக்கும் பிரிப்பது, முகர்வது, அளப்பது, படமெடுப்பது எல்லாம் ஒரே வேலை. 8 டாலரில் அந்தக் கூலி போக மிச்சமிருப்பது சில்லறைதான். 800 டாலரில் தாராளமாக மிஞ்சும். அதனால்தான் இந்தத் தளங்களில் பங்கு ஏணிப்படி போல இருக்கிறது: மலிவான உருப்படிக்கு அனுப்பியவருக்குப் பத்தில் ஒன்று கூடக் கிடைக்காமல் போகலாம், விலையுயர்ந்த உருப்படிக்குப் பாதிக்கு மேலேயே கிடைக்கும். என் கருத்தைக் கேட்டால், சாதாரண சட்டைகளைப் பணம் எதிர்பார்த்து அனுப்ப வேண்டாம். அலமாரி காலியாகிற சந்தோஷத்துக்காக அனுப்பலாம். நல்ல கோட்டு, நல்ல தோல் பை, இவைதான் காசு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த மேசைக்கு வருகிறோம். வயதும் வம்சமும் கண்டுபிடிக்கிற மேசை!

ஒரு பழைய லீவைஸ் ஜீன்ஸ். பின்பாக்கெட்டின் ஓரத்தில் சின்னஞ்சிறு சிவப்பு நாடா. 1936-லிருந்து அந்த நாடா உண்டு. அதில் நிறுவனத்தின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால், குறிப்பாக இரண்டாம் எழுத்தான 'ஈ' பெரிய எழுத்தாக இருந்தால், சேகரிப்பாளர்களின் இதயம் ஒரு துடிப்பு தவறும். 'பிக் ஈ' என்று அவர்கள் கொஞ்சுவது இதைத்தான். 1971-க்குப் பிறகு அது சின்ன எழுத்தாகிவிட்டது. ஒரே ஓர் எழுத்தின் உயரம் விலையை எங்கேயோ கொண்டுபோய்விடுகிறது! ஆனால் அவசரப்படக் கூடாது. பழைய மாதிரிகளை அந்த நிறுவனமே மறுபதிப்பாகத் தைத்து விற்கிறது, அவற்றிலும் பெரிய 'ஈ' வரும். எனவே அடுத்த சாட்சியைக் கூப்பிட வேண்டும். பின்பாக்கெட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் செம்புக் குமிழ் (ரிவெட்) மறைந்திருக்கிறதா? நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்று வந்த புகாரால் 1937-ல் அந்தக் குமிழைத் துணிக்குள் மறைத்தார்கள். 1960-களின் நடுவில் குமிழையே எடுத்துவிட்டு நெருக்கத் தையல் போட்டார்கள். ஆக, நாடா, குமிழ், துணியின் கரை, தையல் நூல் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மாற்றிச் சொன்னாலும் சந்தேகம்தான்.

கவுன்களுக்கு வேறு சாட்சிகள். எப்படித் துவைப்பது என்று சொல்லும் குட்டித் துணிச்சீட்டை அமெரிக்கா கட்டாயமாக்கியது 1972-ல். அந்தச் சீட்டு இல்லை என்றால் ஒன்று, அதற்கு முந்தைய துணி. அல்லது வீட்டில் தைத்தது. அல்லது கழுத்தில் குத்துகிறது என்று யாரோ கத்தரித்துவிட்டார்கள். பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சீட்டு தைத்திருந்தால் இன்னும் கொண்டாட்டம்! 1900-ல் தொடங்கிய அந்தச் சங்கம் தன் சின்னத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்தது. சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருந்தால் அது 1970-களின் நடுவிலிருந்து 1995-க்குள். 1995-ல் சங்கம் வேறொன்றோடு இணைந்துவிட்டதால் அதற்குப் பிந்தையதாக இருக்கவே முடியாது. கவுனைத் தைத்த பெண்கள் தங்கள் உரிமைக்காகச் சேர்த்துத் தைத்த ஒரு துண்டுத் துணி, அவர்கள் போன பிறகும் அந்தக் கவுனுக்கு வயது சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

'ஆர்.என்.' என்று தொடங்கும் எண் ஒன்றும் பெரும்பாலான அமெரிக்கச் சீட்டுகளில் இருக்கும். அந்நாட்டு வர்த்தக ஆணையம் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பதிவெண் அது. பிராண்ட் சீட்டு பிய்ந்துபோயிருந்தாலும் அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் தேடினால் யாருடைய சரக்கு என்று தெரிந்துவிடும். துப்பறியும் கதை வாசிக்கிறவர்களுக்கு இந்த மேசையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கலாம்.

கைப்பைகளின் பக்கம் போனால் பதற்றம் கூடுகிறது, ஏனென்றால் அங்கே போலிகளும் வருகின்றன. தி ரியல்ரியல் கடிகாரத்துக்கும் ரத்தினத்துக்கும் தனித்தனி நிபுணர்களை வைத்திருக்கிறது. பாரிஸில் 2009-ல் தொடங்கிய வெஸ்டியேர் கலெக்டிவ், வடக்கு பிரான்சின் தூர்க்வானில் பொருள்களைப் பிரித்துச் சோதிக்கிறது. இத்தனைக்குப் பிறகும் தகராறு வராமலில்லை. 2018-ல் ஷனெல் நிறுவனம் தி ரியல்ரியல் மீது போலிகள் தொடர்பாக நியூயார்க்கில் வழக்கே போட்டது.

லூயி வித்தோன் பையின் உள்ளே ஒரு சங்கேதம் இருக்கும்: இரண்டு எழுத்து, நான்கு எண். எழுத்துகள் எந்தத் தொழிற்கூடம் என்று சொல்லும். 2007-லிருந்து எண்களில் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து வாரம், இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்து ஆண்டு. 2139 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். படித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான பூட்டு! ஆண்டுக்கு 52, 53 வாரம்தானே? 60-வது வாரம் என்று ஒரு பை சொன்னால் அங்கேயே மாட்டிக்கொண்டது. எழுத்து பிரான்ஸ் தொழிற்கூடத்தைச் சொல்ல, முத்திரை வேறு நாட்டைச் சொன்னாலும் அப்படியே. 2021-ல் அந்த நிறுவனம் சங்கேதத்தை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத மைக்ரோசிப்புக்கு மாறிவிட்டது, எனவே அதற்குப் பிறகு வந்த மாதிரியில் சங்கேதம் இருப்பதே சந்தேகத்துக்கு இடம். எர்மெஸ் பையில் பார்க்க வேண்டியது தையல். இரண்டு ஊசியால், கையாலேயே போடும் சேணத் தையல் அது, லேசாகச் சாய்ந்திருக்கும். இயந்திரம் அளந்து வைத்தது போல ஒரே நேராக ஓடினால் அதுவே குற்றப்பத்திரிகை.

எர்மெஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பாடகியும் நடிகையுமான ஜேன் பர்கின், 1980-களின் நடுவில் ஒரு விமானப் பயணத்தில் எர்மெஸ் தலைவர் ஜான்-லூயி துமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு ஏற்ற பை கிடைக்கவில்லை என்று சொன்னதிலிருந்து பிறந்தது பர்கின் பை. அவருக்கென்று செய்த முதல் பையை அவர் வருடக்கணக்கில் தோளில் மாட்டித் தேய்த்தார். ஸ்டிக்கர் ஒட்டினார். நகவெட்டியை உள்ளே கட்டித் தொங்கவிட்டார். 1994-ல் எய்ட்ஸ் நிவாரணத்துக்காகக் கொடுத்துவிட்டார். 2025 ஜூலை 10 அன்று பாரிஸில் சாதபீஸ் அதை ஏலம் விட்டபோது போன விலை சுமார் 86 லட்சம் யூரோ! கீறலும், ஸ்டிக்கர் உரித்த தடமும், தொங்கும் நகவெட்டியுமாக, பழைய பை ஒன்று.

வாங்குபவர்களின் உலகத்துக்கும் தனி பாஷை உண்டு. 'என்.டபிள்யூ.டி.' என்றால் கடைச்சீட்டு கூடக் கழற்றாத புதுசு. 'ஈ.யு.சி.' என்றால் உடுத்தியதுதான், ஆனால் அருமையான நிலை. கெட்டிக்காரர்கள் பிராண்டைத் தேடுவதை விட்டு "பட்டு 100 சதவீதம்", "காஷ்மியர் கம்பளி" என்று துணியை வைத்துத் தேடுகிறார்கள். விலை போகாத உருப்படிக்குச் சில தளங்கள் நாள் ஆக ஆக விலையைக் குறைத்துக்கொண்டே வரும். அங்கேதான் நாடகம். இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் 10 டாலர் இறங்கும். ஆனால் இருப்பதோ ஒன்றே ஒன்று! பொறுப்பதா, பாய்வதா? என் ஓட்டு எப்போதும் பாய்வதற்கே.

நேருக்கு நேர் விற்கும் தளங்கள் இன்னொரு ரகம். லிதுவேனியாவின் வில்னியஸில் 2008-ல், வீடு மாறும்போது துணி அதிகமாகிப்போன மில்டா மிட்குடே, யுஸ்டாஸ் யனௌஸ்கஸ் என்ற நண்பரோடு தொடங்கிய வின்டட் இன்று ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கிறது. மனீஷ் சந்திரா கூட்டாகத் தொடங்கிய போஷ்மார்க், கலிஃபோர்னிய நிறுவனம் என்றாலும் சென்னையிலும் அலுவலகம் வைத்திருக்கிறது. 2021-ல் இந்தியாவில் கடை விரித்து 2023-ல் சுருட்டிக்கொண்டது. இவற்றில் கிடங்கு கிடையாது. படமெடுப்பதும், பேரம் பேசுவதும், பார்சல் கட்டுவதும் விற்பவரின் பாடு. பங்கு அதிகம், உழைப்பும் அதிகம்.

மறுபடி கிடங்குக்கு வருவோம். அங்கே தேறாத துணி என்ன ஆகிறது? அனுப்பும் பையில் கணிசமான பங்கு தேறுவதில்லை என்பதுதான் உண்மை. அவை மொத்தமாகக் கட்டி வேறு வியாபாரிகளுக்குப் போகின்றன. உலகப் பழந்துணிச் சந்தையில் அப்படிக் கட்டப்படும் மூட்டைகள் கண்டம் விட்டுக் கண்டம் போகும். குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் அவற்றைப் பிரிக்கவே நிறுவனங்கள் இருக்கின்றன, கம்பளிக் கந்தல் பானிபட்டில் நூலாகிப் போர்வையாகிறது. திருப்பூரில் பின்னி, அமெரிக்காவில் உடுத்தி, இந்தியாவுக்கே மூட்டையாகத் திரும்பும் டி-ஷர்ட்டுகளும் அதில் இருக்கத்தான் செய்யும். இந்தப் பகுதியில் எனக்குக் கொண்டாட்டம் இல்லை. அடுத்தவர் உடுத்த முடியாததை "யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று பையில் திணிப்பது, குப்பையைத் தபாலில் அனுப்புவதுதான்.

அதனால், அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்து அனுப்பப்போகிறவர்கள் முந்தின இரவே மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு பரிசோதகராகிவிடுங்கள். துவைத்துக் காய வையுங்கள். துவைத்த துணிதான் எல்லாத் தளங்களும் கேட்கும் முதல் நிபந்தனை. அக்குளைப் பாருங்கள். பாக்கெட்டைத் துழாவுங்கள். குளிர்கோட்டைக் குளிர் தொடங்கும் முன்பே அனுப்புங்கள், ஜூன் மாதம் அதைக் கேட்க ஆள் இருக்காது. உதிரிப் பட்டனை அதன் உறையோடு சேர்த்து வையுங்கள், பைக்கு வந்த துணி உறையையும் கடை ரசீதையும் கூட. இந்தச் சின்னச் சின்ன இணைப்புகள் விலையில் தெரியும்.

விற்றுவிட்டது என்று தகவல் வந்தால் துள்ளலாம், ஆனால் செலவழிக்க இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் பணம் உங்கள் கணக்கில் ஏறும். வாங்கியவர் போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் சட்டை கிடங்குக்கே திரும்பி வரும். வந்ததும் யாரோ ஒருவர் பிரித்து, மறுபடி அக்குளைப் பார்த்து, காலரை மடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கம்பித்தடத்தில் மாட்டி அனுப்புவார். அங்கே அதற்கு மறுபடி ஓர் இடம் ஒதுக்குவார்கள், திரையில் அதே படம் மறுபடி தோன்றும், இந்த முறை வேறு யாரோ ஒருவர் கண்ணில் படும்.